கன்னத்தில் விழுந்த மங்கு: எதைப் பூசினால் மறையும்?

11 பிப்ரவரி 2024, கோபிசெட்டிபாளையத்து வாசகியின் கேள்வி

எனக்கு வயது 34. இரண்டாவது குழந்தை வயிற்றில் இருந்தபோது இரு கன்னங்களிலும் மேலுதட்டின் மேலும் பழுப்பு நிறத்தில் மங்கு படர்ந்தது. குழந்தைக்கு இப்போது மூன்று வயதாகிறது, மங்கு அப்படியே இருக்கிறது. வைட்டமின் சி சீரம் மூன்று மாதம் பூசியும் பலன் இல்லை. மருந்துக் கடையில் தரும் ஒரு களிம்பு பத்தே நாளில் வெளுக்க வைக்கிறது என்கிறார் என் நாத்தனார். பக்கத்து வீட்டு அக்கா எலுமிச்சைச் சாற்றில் கஸ்தூரி மஞ்சளைக் குழைத்துப் போடச் சொல்கிறார். எதைப் பூசினால் மறையும்?

11 பிப்ரவரி, இரவு: என் பதில்

அந்தக் களிம்பை மட்டும் வாங்க வேண்டாம். ஏற்கெனவே வாங்கியிருந்தால், டியூபைத் திருப்பிச் சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் படித்துப் பாருங்கள். ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினோயின், மொமெட்டசோன் என்ற மூன்று பெயர்களும் சேர்ந்திருந்தால், நான் பதினெட்டு மாதம் பூசிய அதே கலவைதான் அது. மற்றவற்றை நாளை எழுதுகிறேன்.

12 பிப்ரவரி

காங்கேயத்துக்கு அருகில் எங்களுக்குத் தேங்காய்க் களம் இருக்கிறது. உடைத்த தேங்காய்களைக் களத்தில் பரப்பி, வெயில் பார்த்துத் திருப்பி, பருப்பு காய்ந்து ஓட்டைவிட்டுக் கழலும்வரை காலை எட்டு மணி முதல் மாலை நான்கு மணிவரை யாராவது ஒருவர் அங்கே நின்றாக வேண்டும். பெரும்பாலான நாட்களில் அது நான்தான். 2011இல் இரண்டாவது பிரசவத்துக்கு முன், ஏழாவது மாதத்தில், எனக்கு மங்கு விழுந்தது. களத்தில் வேலை செய்த பெரியம்மா ஒருவர்தான் முதலில் பார்த்தார். "அம்மணி, மூஞ்சியில மங்கு உழுந்திருக்குதுங்க. புள்ள பொறந்தாப் போயிருமுங்க" என்றார். அவர் சொன்னது தவறில்லை. கருவுற்றிருக்கும்போது வரும் மங்கு, பிரசவத்துக்குப் பின் சில மாதங்களில் பலருக்குத் தானாகவே மங்கிவிடுகிறது. எனக்கு மங்கவில்லை. குழந்தையின் ஐந்தாம் மாதமே நான் மறுபடியும் களத்தில் நிற்கத் தொடங்கியதுதான் அதற்குக் காரணம் என்று இன்று எனக்குத் தெரியும். அன்று யாரும் சொல்லவில்லை.

2014இல் ஒரு மருந்துக் கடையில் முகத்தைக் காட்டிக் கேட்டேன். சீட்டு எதுவும் கேட்காமல் அந்தக் களிம்பைக் கொடுத்தார்கள். பத்தாம் நாள் கண்ணாடியில் பார்த்தபோது நம்ப முடியவில்லை. மங்கு மட்டுமல்லாமல் முகம் முழுவதுமே வெளுத்திருந்தது. ஒரு கல்யாண வீட்டில் நான்கு பேர் என்ன பூசுகிறேன் என்று கேட்டார்கள், நான்கு பேருக்கும் பெயரை எழுதிக் கொடுத்தேன். அது இன்றும் என் மனத்தை உறுத்துகிறது. ஓராண்டு கடந்தபோது, இரண்டு நாள் பூசாமல் விட்டால் முகம் எரிந்து சிவந்தது. அடுப்பின் முன் நிற்க முடியவில்லை. கன்னத்தில் நூல் போன்ற சிவப்பு நரம்புகள் தெரிந்தன, மேலுதட்டில் முடி வளர்ந்தது, தாடையில் பருக்கள் கிளம்பின. கடைசியில் மங்கும் திரும்பி வந்தது. முன்பு தேநீர் நிறத்தில் இருந்தது இப்போது காபிக்கொட்டை நிறத்தில் வந்தது.

கோயம்புத்தூரில் நான் பார்த்த தோல் மருத்துவர், என் முகத்தைப் பார்க்கும் முன்பே "என்ன டியூப் போட்டீங்க, கொடுங்க" என்று கையை நீட்டினார். ஒரு நாளைக்கு இப்படி எத்தனை பேரைப் பார்க்கிறார் என்பது அந்தக் கையிலேயே தெரிந்தது.

அந்தக் கலவைக்கு ஒரு வரலாறு உண்டு. 1975இல் அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மேன், நிறமி உற்பத்தியைக் குறைக்கும் ஹைட்ரோகுயினோன், தோல் புதுப்பிப்பை விரைவாக்கும் ட்ரெட்டினோயின், டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஆகிய மூன்றையும் சேர்த்து மங்கு போன்ற தோல் கருமைகளுக்கு மருந்தாக அறிமுகப்படுத்தினார். அளவும் சேர்மானமும் மாறி, இன்றும் உலகெங்கும் மருத்துவர்கள் அந்த வகையை எழுதிக் கொடுக்கிறார்கள். ஆனால் அது மருத்துவர் பார்வையில் சில வாரங்களுக்கு மட்டும் பூசும் மருந்து, தினமும் பூசும் முகப்பூச்சு அன்று. பத்து நாளில் தெரியும் வெளுப்பில் பெரும்பங்கு ஸ்டீராய்டு செய்யும் வேலை: அது தோலின் இரத்தக் குழாய்களைச் சுருக்கி, அழற்சியை அடக்கி, நாளடைவில் தோலையே மெலிய வைத்துவிடுகிறது. இந்தியாவில் இந்தக் கேடு அவ்வளவு பரவியதால், 'ஸ்டீராய்டால் சிதைந்த முகம்' என்று நம் தோல் மருத்துவர்கள் அதற்குத் தனிப் பெயரே வைத்தார்கள். 2018இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டுகளின் களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாதவற்றின் பட்டியலில் சேர்த்தது. டியூபில் மொமெட்டசோன், குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், ஃப்ளூசினோலோன் என்ற பெயர்களில் ஏதேனும் ஒன்று இருந்தாலும் அது ஸ்டீராய்டுதான்.

13 பிப்ரவரி

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு, ஓராண்டாகப் பூசிவந்த களிம்பை இன்று காலையே குப்பையில் போட்டுவிட்டதாகக் கரூரிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து அதை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். நெடுநாள் பூசிய ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தினால் முகம் கடுமையாகச் சிவந்து, வீங்கி, எரியும். எனக்கு அளவைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தவே ஏழு வாரம் ஆயிற்று.

18 பிப்ரவரி

எலுமிச்சையும் மஞ்சளும் பற்றி.

எலுமிச்சைச் சாறு மிகக் கடுமையான புளிப்பு. முகத் தோல் தாங்கும் அளவைவிடப் பல மடங்கு அமிலத்தன்மை கொண்டது. அதைவிட முக்கியமாக, எலுமிச்சையில், குறிப்பாக அதன் தோலில், ஃபுரோகூமரின் என்ற வேதிப்பொருள்கள் இருக்கின்றன. அவை தோலில் பட்டபின் அந்த இடத்தில் வெயில் விழுந்தால் தீப்பட்டதைப்போல் கன்றி, கொப்புளித்து, பிறகு வாரக்கணக்கில் கருத்தே கிடக்கும். ஊறுகாய்க்கு எலுமிச்சை நறுக்கிவிட்டு வெயிலில் உலர்த்தப் போனவர்களின் கையில் காரணம் தெரியாத கருந்தாரைகள் விழுவது இதனால்தான். கருமையைப் போக்கப் பூசுவது கருமையை உண்டாக்குகிறது.

மஞ்சளைப் பற்றி எழுதும்போது எனக்குத் தயக்கம் வருகிறது, ஏனென்றால் அது நம் மண்ணின் பொருள். ஈரோடு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது எங்கள் உறவினர் தோட்டத்தில் அதைத் தங்கள் வீட்டுச் செய்தியாகவே பேசினார்கள். என் அம்முச்சி, அம்மாவின் அம்மா, கல்லில் மஞ்சள் உரைத்துப் பூசிக் குளித்தவர், எழுபது வயதிலும் அவர் முகத்தில் ஒரு திட்டு இருந்ததில்லை. ஆனால் அம்முச்சி பூசியது வீட்டுத் தோட்டத்தில் வெட்டி, வேக வைத்து, காயவைத்த கிழங்கு. நாம் பொட்டலத்தில் வாங்கும் பொடி அதுதானா என்பது வேறு கேள்வி. பளபளப்புக்காக மஞ்சளில் ஈயக் குரோமேட் கலந்து பிடிபட்ட நிகழ்வுகள் உண்டு. கஸ்தூரி மஞ்சள் என்ற பெயரில் கிடைப்பதும் பெரும்பாலும் கஸ்தூரி மஞ்சள் அன்று. உண்மையான கிழங்கின் உட்புறம் வெளிர் நிறமாகவும் கற்பூர மணத்துடனும் இருக்கும். ஆழ்ந்த மஞ்சளில் இருப்பவை வேறு கிழங்குகள். மஞ்சளுக்கே ஒவ்வாமை உள்ள முகங்களும் இருக்கின்றன, அந்த ஒவ்வாமை அரிப்பில் தொடங்கிக் கருமையில் முடிகிறது. வழக்கமாகப் பூசி உங்களுக்கு ஒத்துக்கொண்டிருந்தால் விட்டுவிடச் சொல்ல மாட்டேன். மங்குக்கு மருந்தாக மட்டும் அதை நம்பியிருக்க வேண்டாம்.

25 பிப்ரவரி

எதைப் பூசலாம் என்பதற்கு முன், அந்தத் திட்டு எதனால் வந்தது என்ற கேள்வி இருக்கிறது. இதைத்தான் நான் முதல் நாளே எழுதியிருக்க வேண்டும்.

நம் தோலின் நிறம் மெலனின் என்ற நிறமி. மேல்தோலின் அடிவரிசையில் இருக்கும் மெலனோசைட் என்ற செல்கள் அதை உண்டாக்கிச் சுற்றியுள்ள செல்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கின்றன. டைரோசினேஸ் என்ற நொதி இல்லாமல் அந்த உற்பத்தி நடக்காது. வெயில், வெப்பம், ஹார்மோன், காயம், அழற்சி ஆகிய ஒவ்வொன்றும் அந்தச் செல்களைத் தூண்டக்கூடியவை. நம்மைப் போன்ற மாநிறத்தவருக்கும் கருநிறத்தவருக்கும் அவை சிறு தூண்டுதலுக்கே விழித்துக்கொள்கின்றன. ஒரே கருமையாகத் தெரிந்தாலும் வேர் வேறுவேறு:

இரு கன்னத்திலும் ஏறத்தாழ ஒரே அமைப்பில், வரைபடம்போல் விளிம்புடன் படர்வது மங்கு. பருவோ புண்ணோ கொசுக்கடியோ ஆறிய இடத்தில் மட்டும் இருப்பது அழற்சிக்குப் பிந்தைய கருமை. நெற்றியின் ஓரத்திலும் காதோரத்திலும் சாம்பல் கலந்து படர்வது பெரும்பாலும் ஏதோ ஒரு பொருளின் ஒவ்வாமை. கழுத்தும் அக்குளும் தடித்துக் கருத்து, நெற்றிப் பக்கங்களும் கருத்தால் சர்க்கரையைச் சோதிக்க வேண்டும். அது உடலில் இன்சுலின் சரிவர வேலை செய்யாததன் அடையாளமாக இருக்கலாம். கன்னத்தில் மிளகுபோல் மேடாக நிற்கும் சிறு கரும்புள்ளிகள் எந்தக் களிம்புக்கும் மசியாது. அவற்றை மருத்துவர்தான் எடுக்க முடியும். ஒரே புள்ளி வளர்ந்துகொண்டே போனாலும், இரத்தம் கசிந்தாலும், விளிம்பு கலைந்தாலும் அழகைப் பற்றி யோசிக்காமல் உடனே காட்ட வேண்டும்.

கோபி வாசகியிடம் ஒரு கேள்வி: கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறீர்களா?

3 மார்ச்

திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் வேலை செய்யும் 46 வயது அன்பர் எழுதியிருக்கிறார்: நெற்றியும் இரு காதோரங்களும் ஓராண்டாகக் கருத்து வருகின்றன, வெயிலில் அவர் நிற்பதே இல்லை. ஆண்கள் இதைப் பற்றிக் கேட்கத் தயங்குகிறார்கள் என்பதால் அவர் கேட்டதை மதிக்கிறேன். தலைக்குச் சாயம் பூசுகிறீர்களா என்று கேட்டேன். மாதம் இருமுறை பூசுவதாகவும், பூசிய மறுநாள் காதோரம் அரிப்பதாகவும் சொன்னார். கருஞ்சாயங்கள் பலவற்றில் பாராஃபினைலின்டையமின் என்ற பொருள் இருக்கிறது. 'மூலிகைக் கருமருதாணி' என்று விற்பவற்றிலும் அது கலந்திருக்கக்கூடும். அரிப்பு அடங்கிவிடும், கருமை தங்கிவிடும். இந்த வகைக் கருமையை 1917இல், முதல் உலகப் போர்க் காலத்தில், வியன்னாவில் ரீல் என்ற மருத்துவர் முதன்முதலாக விவரித்தார். ஆயிரம் ரூபாய்ச் சீரம் பூசினாலும் சாயத்தை நிறுத்தாதவரை இது போகாது. நிறுத்தினாலும் நிறமி ஆழத்தில் இறங்கியிருப்பதால் மறையப் பல மாதங்கள் ஆகும். ஒவ்வாமைப் பொருள் எது என்று முதுகில் ஒட்டுப் போட்டுப் பார்க்கும் சோதனை தோல் மருத்துவர்களிடம் உண்டு.

இதன் மறுபக்கமும் இருக்கிறது. சில ஒட்டுப்பொட்டுகளின் பசையில் உள்ள ஒரு பீனால் வகைப் பொருள், பொட்டு வைக்கும் இடத்தை வெண்மையாக்கிவிடும். நெற்றி நடுவில் வெள்ளை வட்டம் தெரிந்தால் பொட்டைத்தான் முதலில் மாற்ற வேண்டும்.

17 மார்ச்

பங்குனி வெயில் ஏறிவிட்டது, ஆகவே இப்போது சன்ஸ்கிரீன்.

நான் இதை முதலில் நம்பவில்லை. கோவை மருத்துவர் எழுதிக் கொடுத்ததில் பாதி விலை சன்ஸ்கிரீனுக்கே போனபோது, மருந்தோடு சேர்த்துத் தலையில் கட்டிவிட்டார் என்றே நினைத்தேன். நான்கு மாதம் பூசியும் பலன் இல்லை என்று திரும்பிப் போனபோது, ஒரு டியூப் எத்தனை நாளுக்கு வருகிறது என்று கேட்டார். நான்கு மாதமும் ஒரே டியூப்தான் என்றேன். "அப்ப நீங்க பூசவே இல்லைங்க அம்மா" என்றார்.

டியூபில் எஸ்பிஎஃப் (வெயிலைத் தடுக்கும் அளவு) என்று எழுதியிருக்கும் எண், ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு இரண்டு மில்லிகிராம் பூசிச் சோதித்து வந்தது. அந்த அளவில் எஸ்பிஎஃப் 30 என்பது சிவக்கவைக்கும் புற ஊதாக் கதிரில் சுமார் 97 சதவீதத்தையும், 50 என்பது சுமார் 98 சதவீதத்தையும் தடுக்கும். இரண்டுக்கும் இருக்கும் வேறுபாடு சிறியது; பூசும் அளவில் இருக்கும் வேறுபாடுதான் பெரியது. ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் முழு நீளத்துக்கு இரண்டு கோடுகள் பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக இருக்கும். நாங்கள் கடுகளவு எடுத்து ஐந்து இடத்தில் பொட்டு வைத்துத் தேய்ப்போம். இப்போது எனக்கு 50 கிராம் டியூப் மூன்று வாரம் வருவதில்லை. வெளியில் நிற்பவர் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, வியர்வையை ஒற்றிவிட்டு, மறுபடியும் பூச வேண்டும்.

செலவு எல்லோருக்கும் கட்டாது என்பது எனக்குத் தெரியும். களத்தில் என்னோடு வேலை செய்யும் பெண்களிடம் மாதம் ஆயிரம் ரூபாய்க்குக் களிம்பு வாங்கச் சொல்ல எனக்கு வாய் வராது. நெருக்கமாக நெய்த கருநிறப் பருத்தித் துணியால் முகத்தை மூடுவதும், அகன்ற விளிம்புத் தொப்பி வைப்பதும், பதினோரு மணிக்கும் மூன்று மணிக்கும் இடையே நிழலில் செய்யும் வேலைகளைப் பார்ப்பதும் எந்தக் களிம்புக்கும் குறைந்தவை அல்ல. நாங்கள் களத்தின் வேலை நேரத்தையே மாற்றிக்கொண்டோம். திருப்பிவிடுவது காலை ஒன்பதுக்குள்ளும் மாலை மூன்றரைக்கு மேலும்தான். குடை மட்டும் போதாது. சிமென்ட் தரையிலிருந்து எதிரொளிக்கும் கதிர் கீழிருந்து கன்னத்தில் படுகிறது.

கண்ணாடியும் காப்பாற்றாது. சிவக்கவைக்கும் கதிரைப் பெருமளவு தடுக்கும் சன்னல் கண்ணாடி, கருக்கவைக்கும் யுவிஏ என்ற புற ஊதாக் கதிரில் பெரும்பங்கை உள்ளே விட்டுவிடும். திருமணத்துக்கு முன் ஆறு ஆண்டுகள் காங்கேயத்திலிருந்து திருப்பூருக்குக் கணக்கு எழுதும் வேலைக்குப் போய்வந்தேன். காலையில் வடமேற்காகப் போகும்போதும் மாலையில் தென்கிழக்காகத் திரும்பும்போதும் வெயில் பேருந்தின் வலப்பக்கமே விழும். என் வலக் கன்னம் இடக் கன்னத்தைவிட இன்றும் ஒரு சாயல் கூடுதலாக இருக்கிறது.

19 மார்ச், திருத்தம்

முந்தைய குறிப்பில் புற ஊதாக் கதிரை மட்டும் சொன்னேன். மங்குக்கு அது போதாது. கண்ணுக்குத் தெரியும் ஒளியே, குறிப்பாக அதன் நீலப் பகுதி, நம் போன்ற நிறமுள்ள தோலில் மங்கைத் தூண்டுகிறது, சாதாரண சன்ஸ்கிரீன்கள் அதைத் தடுப்பதில்லை. இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறச் சாயமுள்ள சன்ஸ்கிரீன்தான் அதைத் தடுக்கும். பின்பக்கத்து உட்பொருள் பட்டியலில் அயர்ன் ஆக்சைடு என்று இருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு முதலில் கிடைத்தது முகத்தில் செம்மண் பூசியதுபோல் இருந்தது; மூன்றாவதாக வாங்கியதுதான் நிறத்தோடு ஒத்துப்போனது.

வெப்பத்தையும் விட்டுவிட்டேன். விறகடுப்பு, மஞ்சள் வேகவைக்கும் கொப்பரை, இட்லிக் கடையின் ஆவி ஆகிய எதன் முன் நாள்தோறும் நின்றாலும் மங்கு கூடும், அங்கே வெயில் இல்லாவிட்டாலும்.

7 ஏப்ரல்

கோபி வாசகி பதில் எழுதிவிட்டார். குழந்தை பிறந்த ஆறாம் மாதத்திலிருந்து இன்றுவரை கருத்தடை மாத்திரை சாப்பிட்டு வருகிறார். மாத்திரையிலுள்ள ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்ரோன் வகை ஹார்மோன்கள் மங்கைத் தூண்டுபவை. அவர் பூசிய வைட்டமின் சி சீரத்தைக் குறை சொல்வதற்கில்லை. ஒரு பக்கம் துடைக்கும்போதே மறு பக்கம் ஊற்றிக்கொண்டிருந்தது. மாத்திரையைத் தானாக நிறுத்த வேண்டாம், மகப்பேறு மருத்துவரிடம் மாற்று வழி கேளுங்கள் என்று எழுதியிருக்கிறேன்.

இனி பூசுபவற்றுக்கு வருகிறேன். அசெலாயிக் அமிலம் எனக்கு மிகவும் பயன்பட்டது. கோதுமை, பார்லி முதலிய தானியங்களில் இயற்கையாக இருப்பது இது. களிம்பாக 10 முதல் 20 சதவீதம்வரை கிடைக்கிறது, டைரோசினேஸைத் தடுக்கிறது, பருவையும் அடக்குகிறது, கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்டுப் பூசலாம். முதல் இரண்டு வாரம் எறும்பு ஊர்வதுபோல் அரித்தது, பிறகு அடங்கிவிட்டது. வைட்டமின் பி3இன் ஒரு வடிவமான நியாசினமைடு 4 அல்லது 5 சதவீதம் போதும். உண்டான நிறமி மேற்செல்களுக்குப் போய்ச் சேர்வதைக் குறைக்கிறது. பத்து, இருபது என்று சதவீதம் ஏறினால் எரிச்சல்தான் ஏறும். கோஜிக் அமிலம் பூஞ்சையிலிருந்து கிடைப்பது, கிளைகாலிக் அமிலம் கரும்பில் இருப்பது. முன்னது நிறமி உற்பத்தியைத் தடுக்கும், பின்னது மேற்படலத்தை உதிர்க்கும். கிளைகாலிக்கை வீட்டில் வலிமையாகப் பூசி முகத்தைப் புண்ணாக்கிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். நம் நிறத்துக்கு எரிச்சலே ஒரு காயம், அந்தக் காயமும் கருமையாகத்தான் ஆறும். ஆகவே ஒரே நேரத்தில் இரண்டு புதியவற்றைத் தொடங்கவே கூடாது.

எத்தனை நாள்? மேல்தோல் முழுவதும் புதுப்பிக்கப்பட இளவயதில் சுமார் நான்கு வாரம் ஆகும், வயது ஏற ஏற இன்னும் நீளும். உண்மையான மாற்றத்தை 12 வாரத்துக்கு முன் எதிர்பார்க்கக் கூடாது.

12 பிப்ரவரிக் குறிப்பைப் பற்றி எனக்கு ஒரு மறுசிந்தனை இருக்கிறது. என் வேதனையில் அந்த மூன்று மருந்துகளையும் ஒரே கெட்டவையாக எழுதிவிட்டேன். அது நியாயமன்று. ஹைட்ரோகுயினோன் மட்டும் உள்ள களிம்பை அதே கோவை மருத்துவர் எனக்குப் பிறகு மூன்று மாதம் கொடுத்தார், அது வேலையும் செய்தது. ஆண்டுக்கணக்கில் பூசினால் நீலக்கருமை படிந்து நிலைத்துவிடும் அபாயம் அதற்கு உண்டு என்பதால், நாளைக் குறித்து நிறுத்தினார். ட்ரெட்டினோயினைக் கர்ப்ப காலத்தில் தொடக் கூடாது. மற்ற நேரத்தில் பொறுமையாகப் பூசினால் நல்ல மருந்து.

28 ஏப்ரல்

பொள்ளாச்சியிலிருந்து ஒரு தாய்: பதினாறு வயது மகளின் முகமெங்கும் பருத் தழும்புக் கருமை, கோடையில் உறவினர் வீட்டில் நடக்கும் திருமணத்துக்குள் அது மறைய வேண்டும் என்கிறார்.

திருமணத்துக்குள் போகாது. புதிய பரு வந்துகொண்டிருக்கும்வரை பழைய கருமையைத் துடைப்பதில் பொருளில்லை; முதலில் பருவுக்கு மருத்துவம் பார்க்க வேண்டும். அடாபலீன் போன்ற பருக் களிம்புகளை மருத்துவர் சொல்வார். பருவைக் கிள்ளுவதை நிறுத்தினாலே பாதிக் கருமை உண்டாகாது. பீர்க்கன் நாராலும் துண்டாலும் தேய்த்துக் கழுவுவதும் வேண்டாம்.

இன்னொன்றைச் சொல்கிறேன், இதைச் சொல்லும் குடும்பம் தேங்காயால் வாழும் குடும்பம் என்பதை மனத்தில் கொள்ளுங்கள்: பரு வரும் முகத்தில் தேங்காய் எண்ணெய் பூச வேண்டாம். அது மயிர்க்கால் துளைகளை அடைக்கும். தலைக்கு வைக்கும் எண்ணெய் நெற்றியில் வழிந்தாலும் அங்கே பரு கிளம்பும். இரவில் எண்ணெய் வைத்து, காலையில் தலைக்குக் குளித்துவிட்டால் போதும்.

16 ஜூன்

ஊருக்குள் கைமாறும் வெளுக்கும் களிம்புகளைப் பற்றிப் பலர் கேட்கிறீர்கள்: தயாரித்தவர் முகவரி இல்லை, உட்பொருள் பட்டியல் இல்லை, வாரத்தில் வெளுக்கிறது. அவற்றில் பாதரசம் இருக்கக்கூடும். பாதரசமும் டைரோசினேஸைத் தடுக்கும், அதனால்தான் வெளுக்கிறது. தோல் வழியே உள்ளே போய்ச் சிறுநீரகத்தில் சேரும். 2023இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில், சிறுநீரில் புரதம் கழிந்து உடல் வீங்கி வந்த இளம் வயதினரிடம் விசாரித்தபோது, இப்படிப்பட்ட களிம்புகளைப் பூசியது தெரியவந்தது. நமக்கும் மலப்புரத்துக்கும் நடுவே பாலக்காட்டுக் கணவாய் மட்டுமே இருக்கிறது. பாதரசப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் உலக நாடுகளின் மினமாட்டா உடன்படிக்கையில் இந்தியா 2018இல் இணைந்தது. பட்டியல் இருந்தால் மெர்குரி, கலோமல் என்ற சொற்களைத் தேடுங்கள். பட்டியலே இல்லாவிட்டால் தேட ஒன்றும் இல்லை, பூச வேண்டாம்.

28 ஜூலை

ஆடிக் காற்று தொடங்கி, மேகமும் குளிர்ச்சியுமாக இருக்கிறது; சன்ஸ்கிரீனை விட்டுவிடலாமா என்று உடுமலையிலிருந்து கேட்கிறார்கள். விட வேண்டாம். நம் உடலுக்கு வெயில் உறைக்காததால் கதிர் இல்லை என்று ஆகாது. யுவிஏ கதிர் மேகத்தைப் பெருமளவு ஊடுருவிவிடும். நான் மூன்று ஆண்டுகளாக முகத்தைப் படம் எடுத்து வைக்கிறேன்: மாதத்தின் முதல் ஞாயிறு, காலை ஏழரை, வடக்குச் சன்னல், கைப்பேசி ஃபிளாஷ் இல்லாமல். முதல் ஆண்டில் சித்திரையைவிட ஆவணியில் மங்கு கூடியிருந்தது. ஆடியில் நான் துணியையும் களிம்பையும் விட்டதுதான் அதில் தெரிகிறது. கண்ணாடி நாள்தோறும் ஒன்றைச் சொல்லும், படம்தான் நம்பத்தக்கது.

22 செப்டம்பர்

டிரானெக்ஸாமிக் அமில மாத்திரையைத் தாங்களே வாங்கிச் சாப்பிடுவதாக இருவர் எழுதியது எனக்குக் கவலை தருகிறது. 1962இல் ஜப்பானிய மருத்துவர் உதாகோ ஒகாமோதோவும் அவர் கணவரும் கண்டறிந்த அந்த மருந்து, இரத்தப்போக்கை நிறுத்துவதற்கானது. அதிக மாதவிடாய்க்கு நம்மில் பலர் சாப்பிட்டிருப்போம். 1979இல் ஜப்பானிலேயே மங்கு குறைவதைக் கவனித்து எழுதினார்கள். குறைந்த அளவில், பெரும்பாலும் 250 மில்லிகிராம் நாளுக்கு இருமுறை, மருத்துவர்கள் இன்று கொடுக்கிறார்கள், பலருக்குக் குறைகிறது. ஆனால் அது இரத்தக் கட்டியைக் கரையவிடாத மருந்து. காலில் இரத்தம் உறைந்தவர், பக்கவாதம் வந்தவர், கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர் இதைத் தொடவே கூடாத நிலையில் இருக்கலாம். இந்தக் கேள்விகளைக் கேட்காமல் விற்கும் கடையில் இந்த மாத்திரையை வாங்காதீர்கள்.

10 நவம்பர்

கோபி வாசகி படங்களோடு எழுதியிருக்கிறார். மே மாதத்தில் மாத்திரையை நிறுத்தி, மருத்துவர் சொன்னபடி காப்பர் டி வைத்துக்கொண்டார். ஜூன் முதல் சாயமுள்ள சன்ஸ்கிரீனும் இரவில் அசெலாயிக் களிம்பும் பூசிவருகிறார். மேலுதட்டின் மேல் இருந்தது ஏறத்தாழ முழுவதும் போய்விட்டது, கன்னங்களில் விளிம்பு கரைந்து பாதியாகக் குறைந்திருக்கிறது. "இனி நிறுத்திவிடலாமா அக்கா?" என்று கேட்டிருக்கிறார்.

இரவுக் களிம்பை மருத்துவரிடம் கேட்டு இடைவெளி விட்டுப் பூசலாம், தங்கையே. பகல் களிம்பை நிறுத்த வேண்டாம். என் வலக் கன்னத்தில் இன்னும் ஒரு நிழல் இருக்கிறது. ஆழத்தில் இறங்கிய நிறமி அது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அதை வெளுக்க வைக்க லேசர் வேண்டுமா என்று கேட்டதற்கு, நம் நிறத்தில் லேசருக்குப் பின் மங்கு இன்னும் கருத்துத் திரும்புவதுண்டு என்று அவரே தயங்கினார். நான் அதை அப்படியே விட்டுவிட்டேன். தை மாதம் மஞ்சள் வெட்டும் நாட்களில் கோபிப் பக்கம் வெயில் மென்மையாகத் தோன்றும். அப்போதும் இரண்டு விரல் அளவு பூசிக்கொண்டே தோட்டத்துக்குப் போங்கள்.